தேனீயைத் தொழுவத்தில் கட்டுவது எப்படி

அயனிக்கோணத்துக்கு வந்து தங்கபாய் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று விளங்காது. "ஹைக்கோர்ட்டு மாமிக்க வீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, ரப்பர் தோட்டத்தை ஒட்டி இறங்குகிற மண்சாலையைக் காட்டுவார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை துப்புத் துலங்கவில்லை. அவர் உயிரோடு இருந்தாலும் வாயைத் திறக்கப்போவதில்லை. திறந்தால், எந்த அதிகாரத்தில் வைத்தீர் என்று தங்கபாய் கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

தங்கபாய்க்குத் தொழில் தேனீ வளர்ப்பு. தை பிறந்து, ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்விடும்போது, தேன்பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டு வைப்பாள். மழைக்காலத்தில் பெட்டிகள் வீட்டுக்குத் திரும்பிவிடும். கொல்லையில் பெட்டிக் கால்களுக்குக் கீழே கிண்ணத்தில் தண்ணீர் வைத்து எறும்பைத் தடுத்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு கல்லைத் தூக்கி வைத்து, சீனித்தண்ணீர் கொடுத்து அவற்றை அடுத்த தை வரை காப்பாற்ற வேண்டும். அந்தக் கொல்லை இல்லை என்றால் அடுத்த வருஷம் தேன் இல்லை. தேன் இல்லை என்றால் தங்கபாயை என்ன செய்வது என்று அவள் வீட்டுக்காரர் ஞானத்துக்கும் தெரியாது.

தொழில் அதுவென்றால், அவளுக்கு உயிர் வேறொன்றில் இருந்தது. எங்கே எந்த விதியை எழுதி ஒட்டியிருந்தாலும் நின்று முழுக்கப் படிப்பாள். படித்து முடிக்கும்போது அந்த விதிக்குள் தனக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரியும்.

அவள் போகிற புராட்டஸ்டண்ட் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு தவணை தலைவியாக இருந்து முடித்தவர் மூன்றாம் முறை நிற்கக் கூடாது. இரண்டாவது தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது தங்கபாய் உடம்பு சரியில்லை என்று ராஜினாமா செய்தாள். ஐயோ பாவம் என்று பெண்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தேர்தல் அறிவித்த அன்று முதல் ஆளாக வந்து நின்றாள்.

"ரெண்டு தவண முடிச்சவளுக்குத்தான் தடை. நான் எங்க முடிச்சேன்? எழுத்துல என்ன இருக்குன்னு பாருங்க."

போதகர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். தங்கபாய் ஜெயித்தாள். ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தவர்கள்தான் அதிகம் நொந்துபோனார்கள்.

புதுக்கடை பேருந்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பேருந்து அது. வாய்க்குத் துணி கட்டிய தேன்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடத்துநர் சுமைக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

"இது சொமையில்ல. உள்ள இருக்கது பூராவும் பொம்பளயாக்கும். வேலைக்குப் போற தேனீச்ச எல்லாம் பொம்பளதான். ஆம்பள கொஞ்சம் உண்டு, ஒரு வேலையும் செய்யாது. அதுக்கு வேணுமெங்கி டிக்கெட்டு கிழிச்சுத் தாரும். எத்தர எண்ணம்னு நீரே எண்ணிக்கிடும். தெறக்கட்டா?"

நடத்துநர் முன்பக்கம் போனவர்தான். அவள் இறங்கும்வரை அந்தப் பக்கம் வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். சட்டம் போடுகிறவளும் தீர்ப்புச் சொல்கிறவளும் தங்கபாய். ஞானம் பொதுமக்கள். அவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. விடியுமுன் போய், வெயில் ஏறியதும் திரும்பி வந்து, என்ன சட்டம் அமலில் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சாப்பிட உட்காருவார்.

ஒரே ஒரு வழக்கில்தான் தங்கபாய் தோற்றிருந்தாள். மகன் லிபின் நாகர்கோவிலில் படிக்கப் போன இடத்தில் முட்டத்துக் கிரேசியைக் கண்டான். அவள் கடற்கரைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம், அப்பாவுக்கு மீன்பிடி வள்ளம் இருந்தது. தங்கபாய்க்கு இதில் எதுவுமே ஒத்துவரவில்லை. இரண்டு வருஷம் வாதாடினாள். கடைசியில் லிபின், "வயசு வந்த ரெண்டுபேரு சம்மதிச்சா கல்யாணம் ஆவலாம்னு எழுத்துல இருக்கும்மா," என்றான். கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளில் அவன் குவைத்துக்குப் போய்விட்டான். கிரேசி அயனிக்கோணத்திலேயே இருந்தாள்.

கிரேசி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கொல்லையில் நின்று தேனீக்கள் போவதும் வருவதுமாக இருப்பதை வேடிக்கை பார்த்தாள். பிறகு ஆசையாக ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"ஏட்டி, கைய எடு," என்றாள் தங்கபாய். "எனக்க தேன்பெட்டிய என்னெ அல்லாம வேற யாரும் தொடப்பிடாது. ஈச்சைக்கு மீன்மணம் ஆவாது, கேட்டியா?"

அந்தப் பெண் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள். கல்யாண வீடு என்பதால் மூன்று நாளாக அங்கே மீனே வாங்கவில்லை. இருந்தாலும் உடனே கையை எடுத்தாள். அதற்குப் பிறகு தொடவே இல்லை. கொல்லையைப் பெருக்கினால் விளக்குமாறுகூடப் பெட்டிக் காலில் படாது. சட்டத்தை இவ்வளவு சுத்தமாக மதிக்கிற ஒருத்தியைப் பார்த்துத் தங்கபாய் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

வம்பு வந்தது மறுபக்கத்து மதிலிலிருந்து. அடுத்த வீட்டுச் சுனில் ஞானத்தின் அக்கா மகன். மஸ்கட்டில் பல வருஷம் இருந்து சம்பாதித்து, வெள்ளை ஓடு பதித்த வீடும் வெள்ளைக் காருமாகத் திரும்பியவன். தேனீ கூட்டுக்குள் அசிங்கம் செய்யாது. வெளியே பறந்து போய்த்தான் செய்யும். தங்கபாயின் பெட்டி வாசல்கள் சுனிலின் மதிலைப் பார்த்து இருந்தன. ஆகவே ஒவ்வொரு காலையும் வெள்ளைக் கார் முழுக்கக் கடுகு கடுகாக மஞ்சள் பொட்டு.

"மாமி, இது காரா, புள்ளி வச்ச சேலையா?" என்று சுனில் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான். "பெட்டிக்க வாசல அந்தப் பக்கமா திருப்பி வச்சா போரும். நான் வேற ஒண்ணும் கேக்கல."

திருப்பி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு சாயங்கால வேலை அது. ஆனால் கேட்ட இடம் ஹைக்கோர்ட்டு.

"வாசல் எந்தப் பக்கம் இருக்கணும்னு எழுத்துல எங்க இருக்கு?" என்றாள் தங்கபாய்.

சுனிலுக்குக் கோபமும் வெப்ராளமுமாக வந்துவிட்டது. எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனான். தேடினால் கிடைக்காமலா போகும்? பேரூராட்சியின் பழைய துணைவிதி ஒன்று அகப்பட்டது. குடியிருப்புப் பகுதியில் கால்நடை வளர்ப்போர் அவற்றைத் தொழுவத்தில் கட்டி வைக்க வேண்டும். தொழுவம் அடுத்த வீட்டு மதிலிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்க வேண்டும். சாணக்குழியும் கழிவுநீர் ஓடையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்க வேண்டும். தவறினால் கால்நடைகள் பறிமுதல் செய்யப்படும்.

தங்கபாயின் கொல்லை மொத்தமே முப்பது அடி தேறாது.

அறிவிப்பு வந்தது. 'தேனீக்களாகிய தங்கள் கால்நடைகளை' உடனே அகற்றாவிட்டால் பேரூராட்சியே அகற்றும் என்று இருந்தது. தங்கபாய் அதை இரண்டுமுறை படித்தாள். ஈச்சையைக் கால்நடை என்று எழுதிய புத்திசாலி யார் என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே அடங்கிப்போனாள். ஏனென்றால், அதை முதலில் சொன்னது அவளேதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் பெரிய காற்று அடித்து, ரப்பர் மரங்கள் முறிந்து பெட்டிகள் மேல் விழுந்தபோது நடந்தது அது. கால்நடை இழந்தவர்களுக்கு அரசு நிவாரணம் தருவதாகச் செய்தி வந்தது. மாடு செத்தவர்களும் ஆடு செத்தவர்களும் போய் நின்ற வரிசையில், நசுங்கிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தங்கபாயும் நின்றாள். விடுமுறையில் வந்திருந்த சுனில்தான் துணைக்கு வந்தான். ஈச்சை எப்படிக் கால்நடை ஆகும் என்று அதிகாரி கேட்டார். "மாடு பால் தருது, ஈச்ச தேன் தருது. ரெண்டையும் மனுஷன்தான் வளக்கான். வளத்தது செத்தா எல்லாம் ஒரே சாவுதான சார்?" என்று சுனில் வாதாடினான். தங்கபாய் தன் பங்குக்கு, "மாட்டுக்கு நாலு கால். ஈச்சைக்கு ஆறு கால் உண்டு. எண்ணிப் பாருங்க," என்றாள். அதிகாரி எதற்குப் பணிந்தாரோ தெரியாது, நிவாரணம் கிடைத்தது. அன்று வரும் வழியில் மாமியும் மருமகனும் சேர்ந்து பாயசம் குடித்தார்கள்.

இப்போது அதே மருமகன் அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு எதிரே நிற்கிறான். தங்கபாய் முதல்முறையாக ஒரு வக்கீலைத் தேடிப் போனாள்.

ஐயப்பன் வக்கீலுக்கு வழக்கைவிட ரசவடையில் பிரியம் அதிகம். கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் உட்கார்ந்துதான் யோசனை சொல்லுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பம் நீங்க ஈச்சையைக் கால்நடைன்னு சொல்லி ஒண்ணு வாங்கியாச்சு. இப்பம் இல்லன்னு சொல்லி ஒண்ணு வாங்கணும்," என்றார்.

"ஆமா."

"நல்ல கேசு. ஆனா எழுத்த மட்டும் பிடிச்சிட்டு நின்னா தோத்துருவோம்மா."

தங்கபாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "எழுத்த விட்டா பின்ன கோர்ட்டு எதுக்கு சார்?"

வக்கீல் ரசத்தில் ஊறிய வடையைக் கிண்டினார். "ஜட்ஜும் மொதல்ல எழுத்தத்தான் பாப்பாவ. எழுத்து நேராப் போச்சுன்னா அவியளும் கூடவே போவாவ, கேள்வியே இல்ல. போற வழியில எழுத்து கிறுக்குத்தனமா ஒரு குண்டுகுழியில கொண்டு தள்ளுச்சுன்னா அப்பந்தான் நின்னு பாப்பாவ. இந்தச் சொல்லுக்குப் பக்கத்துல என்னென்ன சொல்லு இருக்கு? இந்தச் சட்டம் எந்தத் தொல்லைய ஒழிக்க வந்துது? அதத்தான் நாம கேக்கப் போறோம்."

"அப்படியெங்கி ஜட்ஜு தனக்குத் தோணினத எல்லாம் எழுதலாமே."

"எழுதப்பிடாது. அதுதான் அவியளுக்குப் பாடு," என்று சொல்லிவிட்டு வக்கீல் இன்னொரு வடை சொன்னார்.

தங்கபாய்க்கு இந்த வழி பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எழுத்தை நம்பிப் பிழைத்தவளை, எழுத்துக்கு அப்பால் போ என்றால் எப்படிப் போவாள்? ஆனால் கொல்லையில் பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பேரூராட்சி வண்டியில் ஏற்றிக் குப்பைக் கிடங்குப் பக்கம் இறக்கினால் எறும்பும் மழையும் ஒரு வாரத்தில் முடித்துவிடும். அதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டிகளை எடுக்கக் கூடாது என்று தடை கேட்டு வழக்குப் போட்டாள்.

நீதிபதி லட்சுமிப்ரியா மதுரைப் பக்கத்துக்காரர், இளவயது. சத்தமாகப் பேசமாட்டார். விசாரணை அன்று பேரூராட்சி அதிகாரி கூண்டில் ஏறியதும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"விதியில் தொழுவத்தில் கட்டி வைக்க வேண்டும் என்று இருக்கிறது. தேனீயை எப்படிக் கட்டுவது?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "அது வளர்ப்பவருடைய பொறுப்புங்கம்மா," என்றார்.

அடுத்து தங்கபாய் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளுக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"காற்றடித்த வருஷம் தேனீ கால்நடை என்று சொல்லி நிவாரணம் வாங்கினீர்களா?"

"வாங்கினேன்."

"இப்போது கால்நடை இல்லை என்கிறீர்கள். எது பொய்?"

தங்கபாய் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் ஐக்கியத்தையும் நடத்துநரையும் நிவாரண அதிகாரியையும்கூடச் சமாளித்த வாய் அது. இப்போது எந்த எழுத்தும் கைகொடுக்கவில்லை.

"ரெண்டும் பொய்யில்ல சார். அப்பம் அதுவ செத்துக் கெடந்துது. இப்பம் உயிரோட இருக்கு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை, பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். தான் உளறிவிட்டோம் என்று தங்கபாய்க்கு உறுதியாகிவிட்டது.

சுனில் ஏறியபோது ஐயப்பன் வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "தாலுகா ஆபீசில் தேனீயும் மாடும் ஒன்று என்று வாதாடியது யார்?"

"நான்தான்," என்றான் சுனில், தலையைக் குனிந்துகொண்டு.

"இப்போது மாமியிடம் தேனீக்குத் தொழுவம் கட்டச் சொல்கிறவர்?"

"நான் எனக்க காரைப் பத்தித்தான் சார் சொன்னேன்," என்றான் அவன். அவன் குரலைக் கேட்டதும் தங்கபாய்க்கே ஒரு கணம் பாவமாகிவிட்டது. பாயசம் வாங்கிக் கொடுத்த பயல்தானே.

தீர்ப்பு நாள் ஐப்பசியில் வந்தது. காலையில் தங்கபாய் கொல்லைக்குப் போய், கூட்டம் குறைந்து நலிந்திருந்த பெட்டி ஒன்றைத் திறந்து சீனித்தண்ணீர் வைத்தாள். இன்றைக்கு எதிராக வந்துவிட்டால் இவற்றை எங்கே கொண்டு போவது என்று யோசித்தபடி மூடியை வைத்தாள். அதற்குள் ஞானம் பிடித்து வந்த ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது. இருவரும் ஏறிப் போனார்கள். கிரேசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி தீர்ப்பின் சாரத்தை எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி தமிழில் சொன்னார். கால்நடை என்ற சொல்லுக்குள் தேனீ வருமா என்பதைக் கால்களை எண்ணி முடிவு செய்ய முடியாது என்று ஆரம்பித்தபோது தங்கபாய் தலையைத் தொங்கப் போட்டாள். நீதிபதி தொடர்ந்தார். புயல் நிவாரணம், வளர்த்துப் பிழைத்த உயிர்களைப் பறிகொடுத்தவர்களைக் கைதூக்கிவிட வந்தது. அந்த இடத்தில் தேனீயைச் சேர்த்துக்கொண்டது சரி. பேரூராட்சி விதி வேறு காரியத்துக்கு வந்தது. அதில் கால்நடைக்குப் பக்கத்தில் தொழுவம் இருக்கிறது, சாணக்குழி இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சாணமும் மூத்திரமும் தெருவில் ஓடாமல் இருக்க, கட்டிப்போடக்கூடிய மிருகங்களை நினைத்து எழுதிய விதி அது. கட்ட முடியாத ஒன்றைக் கட்டச் சொல்லும் அளவுக்கு இந்தச் சொல்லை இழுத்தால் விதிக்கே அவமானம்.

"ஒரு விதியைப் படிக்கும்போது எழுத்தைப் பார்க்க வேண்டும். எழுத்து விளங்காத இடத்தில், இது எதற்காக வந்தது என்று கேட்க வேண்டும்," என்றார். "அப்போது செத்துக் கிடந்தது, இப்போது உயிரோடு இருக்கிறது என்று வாதி சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். அவர் சொல்ல வந்தது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்."

தங்கபாய்க்கு அப்படியெல்லாம் சொல்ல வந்ததாக நினைவில்லை. இருந்தாலும் மறுக்கவில்லை.

பெட்டிகளைத் தொடக் கூடாது என்று பேரூராட்சிக்குத் தடை கிடைத்தது. எழுந்திருக்கப் போன நீதிபதி, நினைத்துக்கொண்டவர்போல, "அம்மா, இந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கார் அழுக்காவது நிஜம்தானே. பெட்டி வாசலைத் திருப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"எழுத்துல..." என்று தங்கபாய் ஆரம்பித்தாள். ஐயப்பன் வக்கீல் பலமாக இருமினார்.

"திருப்பிருதேன்," என்றாள்.

வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, காற்றோடு சேர்ந்து சாய்த்து அடிக்கிற மழை. புதுக்கடை பேருந்தில் ஏறி உட்கார்ந்து, ஜெயித்த சந்தோஷத்தை நிதானமாக அனுபவிக்கலாம் என்று கண்ணை மூடியபோதுதான் அவளுக்குக் காலை நினைவு வந்தது. சீனித்தண்ணீர் வைத்தாள். மூடியை வைத்தாள். கல்லை வைக்கவில்லை.

"என்னட்டி, மொகம் இப்படிப் போச்சு?" என்றார் ஞானம்.

"கல்லு வைக்கல. காத்துல மூடி பறந்திருக்கும். மழத்தண்ணி எறங்கினா அந்தக் கூடு தீந்துது."

"வீட்டுல கிரேசி உண்டே. போனு செய்து சொல்லு."

தங்கபாய் போனைக் கையில் எடுத்தாள். யாரும் தொடக் கூடாது என்று சொன்னவள், இப்போது தொடு என்று எப்படிச் சொல்வாள்? ஒருதரம் சொன்னால் அந்தச் சட்டம் போயிற்று. டவர் இல்லை என்று சொல்லி அதைப் பைக்குள் போட்டுவிட்டாள். டவர் இருந்தது. மழையைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு நீதிபதியின் கேள்வி வேண்டாத விருந்தாளியைப்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இது எதற்காக வந்தது?

மண்சாலையில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடாத குறையாக இறங்கினாள். வீட்டுக்குள் போகாமல் பக்கவாட்டில் சுற்றிக் கொல்லைக்கே போனாள்.

நலிந்த பெட்டியின் மூடி கிணற்றடியில் கிடந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கிரேசி நின்றாள். லிபின் அனுப்பிய பெரிய கறுப்புக் குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குடை அவள் தலைக்கு மேலே இல்லை. திறந்து கிடந்த பெட்டிக்கு மேலே, காற்று வருகிற பக்கமாகச் சாய்ந்து, நட்டு வைத்த கம்பம்போல அசையாமல் நின்றது. தலையிலிருந்து கால்வரை அவள் நனைந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மேலுதட்டிலும் இரண்டு கொட்டு விழுந்திருந்தது. பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எப்பமிருந்து நிக்க?" என்றாள் தங்கபாய்.

"மழ வந்தப்பமே."

"மூடிய எடுத்து வச்சா தீந்துதே ஏட்டி. ஒரு நிமிஷ வேலதானே."

கிரேசி திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் மாமியாரைப் பார்த்தாள். "பெட்டிய வேற யாரும் தொடப்பிடாதுன்னுல்லா மாமி சொல்லியிருக்கிய. குடை பிடிக்கப்பிடாதுன்னு எழுத்துல இல்ல."

கேலியா, பணிவா என்று அந்த வீங்கிய முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கபாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. தன்னுடைய வாதத்தைத் தன் வீட்டுக் கொல்லையிலேயே இன்னொரு வாயிலிருந்து கேட்பது அவளுக்குப் புதிதில்லை. மகன் ஏற்கெனவே செய்திருந்தான். ஆனால் அவன் அதை வைத்துத் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போனான். இவள் அதை வைத்து மழையில் நின்று கொட்டு வாங்கியிருக்கிறாள்.

ஞானம் பின்னால் வந்து நின்றார். மழை கொஞ்சம் தணிந்திருந்தது.

"நான் போட்ட அந்தச் சட்டம் எதுக்குப் போட்டதுன்னு தெரியுமா?" என்றாள் தங்கபாய்.

"ஈச்சைக்கு மீன்மணம் ஆவாதுன்னு சொன்னிய."

"ஈச்சைக்கு ஒண்ணும் ஆவாம இல்ல. எனக்குத்தான் ஆவல."

சொல்லிவிட்டாள். யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய் மூடியை எடுத்து வந்தாள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். வழக்கமாக அடுத்தபடி அவளே வைத்து மூடியிருப்பாள். இப்போது கிரேசியிடம் நீட்டினாள்.

"அந்தச் சட்டத்த எடுத்தாச்சு. நீயே வை மக்கா."

கிரேசி வாங்கவில்லை. கொட்டு வாங்கிய உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது.

"இத எழுத்துல தருவியளா மாமி?"

ஞானம் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் பொதுமக்கள் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. தங்கபாய் குடையைக் கிரேசியின் கையிலிருந்து வாங்கி அவள் தலைக்கு மேலேயே பிடித்தாள். கிரேசி மூடியை வாங்கிப் பொருத்தி, கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.

"அப்படியே வாசலையும் தோட்டத்துப் பக்கமா திருப்பிரு," என்றாள் தங்கபாய். "பைய. உள்ள ஆளு இருக்கு."